தூக்கி விடுகிறோம் என்றார்கள்: ஒரு இங்கிலீஷ் வார்த்தையின் சரித்திரம்

திங்கட்கிழமை மனு கொடுக்கும் நாளில் பதினோரு பேர் போயிருந்தோம். கையில் பழைய 'ஏ' ரிஜிஸ்டரின் நகல், எஃப்.எம்.பி., சர்வே நம்பர் குறித்த மனு. கேட்டது ஒன்றே ஒன்று. எங்கள் சேரிக்காரர்கள் பேரில் பஞ்சமி நிலம் என்று பதிவான பூமி இன்றைக்கு வேறு சாதிக்காரர்கள் கையில் சவுக்குத் தோப்பாக நிற்கிறது, அதை அளந்து மீட்டுக் கொடுங்கள். அதிகாரி நல்ல மனுஷர். உட்காரச் சொன்னார். (அதுவே பெரிசு என்று நினைக்கிற நிலைமையில்தான் இன்னும் இருக்கிறோம்.) மனுவை மேலோட்டமாகப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "உங்க மக்களோட அப்லிஃப்ட்மெண்டுக்குக் கவர்மெண்ட்ல எவ்வளவோ ஸ்கீம் இருக்கு. மாட்டு லோன் இருக்கு, தையல் மெஷின் இருக்கு. பழைய நிலத்தைக் கிளறி எதுக்கு ஊருக்குள்ள பகையை வளர்க்கிறீங்க?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆயா கேட்டது: "அந்த ஆபீசரு லிப்டு லிப்டுன்னு என்னமோ சொன்னாரே, என்னாப்பா அது?" தூக்கி விடுறதுன்னு அர்த்தம் ஆயா, நம்மள மேல தூக்கி விடுறதாம் என்றேன். ஆயா கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தது. அப்புறம் சொன்னது: "நாம என்னா கெணத்துலயா வுழுந்து கெடக்கறோம்? நெலத்தக் குடுன்னு கேட்டா தூக்கி வுடறேங்கறான். பொணத்தத்தான் நாலு பேரு தூக்குவாங்க."

எம்.ஏ. தமிழ் படித்தவன் நான். இலக்கணம் படித்திருக்கிறேன். ஆயா சொன்னது ஒரு இலக்கணச் செய்தி என்பது அன்றைக்கு ராத்திரிதான் உறைத்தது. 'அப்லிஃப்ட்' என்ற வினைக்கு எழுவாய் யார், செயப்படுபொருள் யார் என்பதைத்தான் அது கேட்டிருக்கிறது. அதிலிருந்து தொடங்கியது இந்தத் தேடல்.

முதலில் அகராதி. 'அப்லிஃப்ட்' பழைய ஆங்கில வார்த்தைதான். மேலே தூக்குதல், அவ்வளவே. ஒரு மனிதக் கூட்டத்தை ஒழுக்கத்திலும் வாழ்க்கையிலும் உயர்த்துவது என்ற அர்த்தம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. அதே நூற்றாண்டில் நிலவியல்காரர்களும் இந்த வார்த்தையை எடுத்துக்கொண்டார்கள். பூமியின் அடியிலிருந்து வரும் அழுத்தத்தால் நிலம் மேலெழும்புவதற்கு அவர்கள் வைத்த பேர் இது. 1835இல் சிலி நாட்டுப் பூகம்பத்தில் கடற்கரை நிலம் சில அடி உயர்ந்து நின்றதை டார்வின் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். ஆக, ஒரே வார்த்தைக்கு இரண்டு அர்த்தம். ஒன்றில் மேலேயிருந்து ஒரு கை கீழே வருகிறது. இன்னொன்றில் கீழேயிருப்பது தானே எழும்புகிறது, எழும்பும்போது மேலே கட்டியிருப்பதெல்லாம் இடிந்து விழுகிறது. நம்ம ஆபீசுகளுக்கு வந்து சேர்ந்தது முதல் அர்த்தம் மட்டும்தான்.

'அப்லிஃப்ட்மெண்ட்' என்று வால் சேர்த்துச் சொல்வது இந்தியா, தென்னாப்பிரிக்கா மாதிரி நாடுகளில்தான் அதிகம் என்று அகராதிகளே குறிப்புப் போடுகின்றன. 'அப்லிஃப்ட்' என்றாலே பெயர்ச்சொல்தான், அதற்கு மேல் ஒரு 'மெண்ட்' தேவையில்லை. ஆனாலும் இந்த நாடுகளில் அது வேரூன்றி நிற்கிறது. சாதியும் நிறவெறியும் ஆண்ட இடங்களில் இந்த வார்த்தைக்கு இவ்வளவு கிராக்கி இருந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த வார்த்தையை ஒரு கொடி மாதிரி பிடித்தவர்கள் அமெரிக்கக் கறுப்பர்கள். அதை மறைக்கக்கூடாது. அடிமைமுறை ஒழிந்த பிறகு, இனத்தின் உயர்வு என்ற அர்த்தத்தில் அவர்கள் 'அப்லிஃப்ட்' பேசினார்கள். 1896இல் உருவான கறுப்பினப் பெண்கள் தேசியச் சங்கம், நாம் ஏறும்போதே மற்றவரையும் தூக்கிக்கொண்டு ஏறுவோம் என்பதைத் தன் முழக்கமாக வைத்துக்கொண்டது. மேரி சர்ச் டெரல் அதன் முதல் தலைவர். இங்கே தூக்குகிற கையும் கறுப்புக் கை, தூக்கப்படுகிற உடம்பும் கறுப்பு உடம்பு. இது வேறு சங்கதி. ஆனாலும் அதற்குள்ளேயும் ஒரு சிக்கல் இருந்தது. புக்கர் டி. வாஷிங்டன் தன் டஸ்கிகீ பள்ளியில் சோப்பும் பல் துலக்கும் பிரஷ்ஷும் ஒரு வேதம் மாதிரி போதித்தார். தொழில் கற்றுக்கொள், சுத்தமாக இரு, வெள்ளைக்காரன் தானே மதிப்பான், அரசியல் உரிமை பிறகு வரும் என்பது 1895 அட்லாண்டா பேச்சின் சாரம். டு போய்ஸ் 1903இல் அதை எதிர்த்து எழுதினார். ஓட்டுரிமையை, குடியுரிமையை, உயர்கல்வியை விட்டுக்கொடுத்துவிட்டு எந்த உயர்வு என்று கேட்டார். (அவரும் இனத்தில் படித்த பத்தில் ஒரு பங்கு ஆட்கள்தான் மற்றவர்களை மேலே கொண்டுவர வேண்டும் என்று அதே வருஷம் எழுதினார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.) 1946இல் பாபாசாகேப் அம்பேத்கர் இதே டு போய்ஸுக்குக் கடிதம் எழுதியதும், ஐ.நா. சபைக்குக் கறுப்பர்கள் கொடுத்த மனுவைப் பற்றி விசாரித்ததும் நமக்குத் தெரியும். அதற்கும் முன்னால் 1873இல் மகாத்மா ஃபுலே தன் 'குலாம்கிரி' புத்தகத்தை, அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். இந்த இரண்டு கரைகளுக்கும் இடையே போக்குவரத்து பழசு.

இங்கே கதை எப்படி நடந்தது?

நம்ம ஜில்லாவிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1891இல் செங்கல்பட்டு ஜில்லா கலெக்டர் பொறுப்பிலிருந்த டிரெமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி ஒரு குறிப்பு எழுதி சர்க்காருக்கு அனுப்பினார். அதில் அவர் போதனை பண்ணவில்லை. குடியிருக்கிற மனை மிராசுதாருடையது, வாய் திறந்தால் வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறான். தரிசு நிலத்தைத் தர்க்காஸ்து போட்டுக் கேட்டால் மிராசுதாருக்கே முதல் உரிமை. இதுதான் கட்டு என்று எழுதினார். வியாதி ஒழுக்கத்தில் இல்லை, நிலத்தில் இருக்கிறது என்று ஒரு வெள்ளைக்கார அதிகாரிக்கு விளங்கியிருக்கிறது. அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்த உத்தரவுகளின் பேரில்தான் பின்னால் பஞ்சமி நிலம் என்று நாம் சொல்கிற டி.சி. நிலம் கொடுக்கப்பட்டது. பத்து வருஷத்துக்கு யாருக்கும் விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் இதே வகுப்பாருக்குத்தான் விற்கலாம் என்று நிபந்தனை. நிலம் வந்தது. வந்த நிலம் கடனுக்கும் கைநாட்டுக்கும் போன கதையை எந்தச் சேரியில் கேட்டாலும் சொல்லுவார்கள். எங்க தாத்தாவின் அப்பா இரண்டு மூட்டை நெல்லுக்கு விரல் வைத்தாராம். அதைச் சொல்லும்போது எங்க பாட்டி தன் கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொள்ளும், அவர் விரல் வைத்தது தன் தப்பு மாதிரி.

அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டு 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் கூடியபோது போலீஸ் சுட்டது. காரணை நிலப் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் உயிர்விட்டார்கள். டிரெமென்ஹீர் குறிப்பு எழுதி நூற்றுச் சில்லரை வருஷம் கழித்து, அதே ஜில்லாவில்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், நிலம் என்ற பேச்சு பின்னுக்குப் போய், 'உயர்த்துதல்' என்ற பேச்சு முன்னுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். 1906இல் பம்பாயில் வி.ரா. ஷிண்டே 'டிப்ரஸ்டு கிளாஸஸ் மிஷன்' ஆரம்பித்தார். ஷிண்டே நேர்மையான மனிதர், வீட்டை விட்டு எங்கள் மக்களின் குடியிருப்பிலேயே போய் வாழ்ந்தவர், அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேரைக் கவனியுங்கள். 'டிப்ரஸ்டு' என்றால் அமுக்கப்பட்டவர். அமுக்கப்பட்டவருக்கு வைத்தியம் 'அப்லிஃப்ட்', தூக்குதல். அமுக்கினவன் யார்? அந்தப் பேச்சே வார்த்தையில் இல்லை. அமுக்கினவனே கையைக் கழுவிக்கொண்டு வந்து தூக்கிவிடுகிறவனாக நிற்க முடிகிற மாதிரி அமைந்த வார்த்தைகள் இவை.

தமிழில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். தாழ்ந்தான் என்பது தன்வினை. தாழ்த்தினான் என்பது பிறவினை. தாழ்த்தப்பட்டான் என்பது செயப்பாட்டுவினை, அதில் தாழ்த்தியவனைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். 'தாழ்ந்த சாதி' என்று கூசாமல் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் 'தாழ்த்தப்பட்டோர்' என்று மாற்றி எழுதியது ஒரு முன்னேற்றம்தான், ஒத்துக்கொள்கிறேன். யாரோ தாழ்த்தியிருக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டாவது அதில் இருக்கிறது. ஆனால் குற்றவாளியின் பேர் இல்லாத குற்றப்பத்திரிகை அது. 'மேம்பாடு' என்ற வார்த்தை இன்னும் விசித்திரம். மேம்படு என்பது தன்வினை, தானே மேலாவது. தாட்கோ என்கிற கழகம் 1974இல் வந்தது. அதன் முழுப்பேரில் இந்த மேம்பாடு உட்கார்ந்திருக்கிறது. மேம்படுகிறவன் கையில் அங்கே மனு மட்டும்தான் இருக்கும்.

'முன்னேற்றம்' என்ற வார்த்தைக்குள்ளும் ஒரு 'ஏற்றம்' இருக்கிறது. கவலையும் பம்ப்செட்டும் வருவதற்கு முன்னால் ஏற்றம் இறைத்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஏற்ற மரத்தின் மேல் முன்னும் பின்னும் மிதித்து நடப்பவன் நம்ம ஆள். கீழே சால் பிடிப்பவனும் நம்ம ஆள். விடியக்காலம் தொடங்கி உச்சிப்பொழுது வரை ஒருத்தன் ஏறி ஏறி இறங்குவான். தண்ணி போறது என்னவோ ஆண்டை வயலுக்கு.

வடக்கே இதற்கு 'உத்தார்' என்றார்கள். அச்சூத் உத்தார், தலித் உத்தார். சமஸ்கிருத உத்தாரணம். பாழடைந்த கோயிலைப் புதுப்பிப்பதற்கு நம்ம ஊரில் ஜீரணோத்தாரணம் என்று சொல்கிறார்களே, அதே உத்தாரணம். கல்லையும் மண்ணையும் எடுத்து நிறுத்துவதற்குச் சொன்னதை மனிதனுக்கும் சொன்னார்கள். 1920களில் ஆரிய சமாஜத் தலைவர் சிரத்தானந்தர் டெல்லியில் தலிதோத்தார் சபை நடத்தினார். இன்றைக்கு நாம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொள்கிற 'தலித்' என்ற சொல் அப்போது 'உத்தார்' என்ற வாலோடு கட்டப்பட்டுக் கிடந்தது. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் வந்துதான் அந்த வாலை அறுத்தார்கள்.

மதராஸ் மாகாணத்தில் 1920 வாக்கில் லேபர் டிபார்ட்மெண்ட் வந்தது. லேபர் கமிஷனரின் வேலையில் பெரும்பங்கு எங்கள் சனங்களைப் பார்த்துக்கொள்வது. அதற்கு அவர்கள் வைத்த ஆங்கிலப் பேர் 'அமீலியரேஷன்', அதாவது நிலைமையைச் சற்று நல்லதாக்குதல். மனைக்கட்டு வாங்கிக் கொடுத்தார்கள், கிணறு வெட்டினார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள். 'லேபர் ஸ்கூல்' என்ற பேர் கிழவர்கள் வாயில் ரொம்ப காலம் இருந்தது. அந்தப் பள்ளிக்கூடம் இல்லாமல் எங்கள் தாத்தாக்கள் காலத்தில் கையெழுத்துப் போடக் கற்றவர்களே இருந்திருக்க மாட்டார்கள். அதை மறுத்தால் நன்றிகெட்டவன் ஆவேன். ஆனாலும் அந்தக் கிணறு எங்கே வெட்டப்பட்டது என்று பாருங்கள். சேரியில். பள்ளிக்கூடம் எங்கே? சேரியில். ஊர்க் கிணறு ஊர்க் கிணறாகவே இருந்தது. தனிக் கிணறு வெட்டிக் கொடுப்பதில் ஊராருக்கு ஒரு நிம்மதி உண்டு. எங்கள் தாகமும் தீரும், அவர்கள் தீட்டும் காப்பாற்றப்படும். தூக்கி விடுதலில் இப்படி ஒரு வகை இருக்கிறது, தூக்கி வேறு இடத்தில் வைப்பது.

அந்தக் கொஞ்சநஞ்ச உதவியும் கண்ணை உறுத்தியது. 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தமும் புளியந்தோப்புக் கலவரமும் நடந்தபோது, லேபர் டிபார்ட்மெண்ட்தான் ஆதிதிராவிடருக்குச் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறது என்று நீதிக்கட்சித் தலைவர்கள் சிலரே பேசினார்கள். எம்.சி. ராஜா அந்தக் கட்சியை விட்டு விலகியதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம். பிராமணரல்லாதார் முன்னேற்றம் என்று பேசியவர்களுக்குச் சேரியின் முன்னேற்றம் எந்த அளவில் நிற்க வேண்டும் என்பதில் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. இதை எழுதினால் சில தோழர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

தனிக் கிணறு என்ற உதவிக்கு எதிரே நம்மவர்கள் வைத்தது என்ன? இரட்டைமலை சீனிவாசன் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானம் 1924இல் நிறைவேறி அரசாணையாக வந்தது. பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், பொது இடம், பொதுக் கட்டடம், இவற்றில் எந்த வகுப்பாருக்கும் தடை கூடாது. இந்தத் தீர்மானத்தில் தூக்குதல் இல்லை, கருணை இல்லை, சோப்பு இல்லை. தெருவில் நடக்கிறேன், தண்ணி எடுக்கிறேன், மறிக்காதே, அவ்வளவுதான். இதே சீனிவாசன்தான் 1893இல் 'பறையன்' என்ற பேரிலேயே பத்திரிகை ஆரம்பித்தவர். ஐ.சி.எஸ். பரீட்சையை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, நடத்தினால் சாதிக்காரர்கள்தான் அதிகாரிகளாக வருவார்கள் என்று 3,412 பேர் கையெழுத்தோடு எதிர்மனு அனுப்பியவர். பேர் விஷயத்தில் அவரோடு முரண்பட்ட அயோத்திதாசப் பண்டிதரோ, நாங்கள் கீழே பிறந்தவர்களே இல்லை, பூர்வ பௌத்தர்கள், சூழ்ச்சியால் கீழே தள்ளப்பட்டவர்கள் என்று 1907இல் தொடங்கிய 'தமிழன்' பத்திரிகையில் எழுதிக்கொண்டே இருந்தார். வழி வேறு வேறு. ஆனால் இருவரில் யாருமே தூக்கி விடு என்று கை நீட்டவில்லை.

மகாராஷ்டிரத்திலும் இதே சங்கதிதான். 1927 மார்ச் 20இல் மகாடில் சவுதார் குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார்கள். நகரசபை 1924லேயே அந்தக் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டிருந்தது. காகிதத்தில் திறந்த குளத்துக்குக் காலால் நடந்து போனதற்குத்தான் அடி விழுந்தது. வழக்கு பத்து வருஷம் நடந்து 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் முடிந்தது. அதே 1927 டிசம்பரில் மகாடில் கூடிய பெண்களிடம் அம்பேத்கர், சேலையை மற்றவர்கள் மாதிரி கட்டுங்கள், சாதி அடையாளமாகத் தெரிகிற நகைகளைக் கழற்றுங்கள் என்றும் பேசினார். இது வாஷிங்டனின் பிரஷ் போதனை மாதிரிதானே என்று ஒரு மாணவர் கூட்டத்தில் என்னிடம் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. அவரும் நடை உடையைப் பற்றிப் பேசினார்தான். ஆனால் குளத்தை விட்டுவிட்டு அதைப் பேசவில்லை. அந்தக் கூட்டத்திலேயே மனுஸ்மிருதியையும் கொளுத்தினார்கள்.

இரண்டு பாதையும் நேருக்கு நேர் மோதிய இடம் 1932. பூனா ஒப்பந்தம் செப்டம்பர் 24இல் கையெழுத்தானது. ஒரு வாரத்துக்குள் தீண்டாமை எதிர்ப்புச் சங்கம் ஆரம்பித்தார்கள். பிர்லா தலைவர், தக்கர் செயலாளர். கொஞ்ச காலத்தில் அதற்கு ஹரிஜன சேவக் சங்கம் என்று பேர் மாறியது. நவம்பர் 14ஆம் தேதி, மூன்றாவது வட்டமேஜை மாநாட்டுக்கு லண்டன் போகிற வழியில், கப்பலிலிருந்தபடி அம்பேத்கர் தக்கருக்கு ஒரு கடிதம் எழுதினார். நம்ம இளைஞர்கள் முழுசாகப் படிக்க வேண்டிய கடிதம். அதன் சாரம் இது. ஒருவன் கெட்டுப்போனதற்கு அவனே காரணம் என்று நினைத்தால் மதுவிலக்கு, உடற்பயிற்சி, கூட்டுறவு, நூலகம், பள்ளி என்று போவீர்கள், சில தனி ஆட்கள் நல்லவர்களாவார்கள். அவன் வாழ்கிற சூழல்தான் காரணம் என்று நினைத்தால் அந்தச் சூழலைத் தாக்க வேண்டும். கிணறு, பள்ளிக்கூடம், சாவடி, வண்டிகளில் உரிமைக்காகக் கிராமம் கிராமமாகப் போராடுங்கள், அடிதடி வந்தாலும் வரட்டும். வேலைகளில் சமவாய்ப்பு வாங்கிக் கொடுங்கள். சாதி இந்துக்கள் தங்கள் வீட்டுக்குள் எங்களை விருந்தாளியாக, வேலையாளாகச் சேர்க்கட்டும். சங்கத்தின் ஊழியர்களாக எங்கள் ஆட்களையே வையுங்கள். இவ்வளவும் எழுதினார். வந்து சேர்ந்தது என்ற ஒரு வரிகூடப் பதிலாக வரவில்லை என்று பின்னால் 1945இல் அவரே எழுதினார்.

சங்கத்தின் நிர்வாகத்தில் தீண்டப்படாதோருக்கு இடம் கேட்டுப் போனவர்களுக்குக் காந்தி கொடுத்த விளக்கம் இன்னும் முக்கியம். இது சாதி இந்துக்கள் தங்கள் பாவத்துக்குச் செய்கிற பிராயச்சித்தம், பணமும் அவர்களுடையது, ஆகவே அவர்களே நடத்துவதுதான் முறை என்றார். ஒரு விதத்தில் நேர்மையான பதில். தாழ்த்தியவன் யார் என்று ஒத்துக்கொள்கிற பதில். ஆனால் அதன்படி பார்த்தால் எங்கள் சேரி அவர்களுடைய பிராயச்சித்தத்துக்கான இடம். கோயில் குளத்தில் முழுக்குப் போடுகிறவன் குளத்திடம் அபிப்பிராயம் கேட்பதில்லை.

அம்பேத்கருடைய சொந்த அமைப்புகளின் பேர்களை வரிசையாகப் பார்த்தாலே பாதை தெரியும். 1924இல் பஹிஷ்கிருத ஹிதகாரிணி சபா, அதில் 'ஹிதம்', நலம் இருக்கிறது. 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சி. 1942இல் பட்டியல் சாதியார் சம்மேளனம். நலம் பேரிலிருந்து உதிர்ந்துபோய் கட்சி வந்துவிட்டது. அரசியல் சட்டத்திலும் இந்த இரண்டு குரல்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. 46ஆவது பிரிவு நலிந்த பிரிவாரின் நலன்களைத் தனிக் கவனத்தோடு வளர்க்கச் சொல்கிறது. 1951இல் சேர்த்த 15(4) முன்னேற்றத்துக்காகத் தனி ஏற்பாடு செய்யலாம் என்கிறது. 17ஆவது பிரிவு மட்டும்தான் தீண்டாமை ஒழிக்கப்பட்டது, கடைப்பிடித்தால் குற்றம் என்று சொல்கிறது. நம்ம ஆபீசுகளில் 46இன் வாசகம் எல்லோருக்கும் பாடம். 17ஐச் சொல்லி எஃப்.ஐ.ஆர். போடச் சொன்னால்தான் பேனா காணாமல் போய்விடும்.

பஞ்சாபில் 1920களில் பிரெய்ன் என்ற வெள்ளைக்கார அதிகாரி குர்காவ் ஜில்லாவில் கிராம 'அப்லிஃப்ட்' நடத்தி 1927இல் அதே தலைப்பில் புத்தகமும் போட்டார். எருக்குழி வெட்டு, வீட்டுக்கு ஜன்னல் வை, நகைக்குச் செலவழிக்காதே. அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. நம்ம பி.டி.ஓ. ஆபீஸ் சுவரில் இன்னும் அவர் குரல்தான் பெயிண்ட் அடிக்கப்பட்டிருக்கிறது.

தமிழில் 'உயர்வு' என்ற வார்த்தைக்கு இன்னொரு வரலாறு கீழத்தஞ்சையில் இருக்கிறது. கூலி உயர்வு. அரைப்படி நெல் கூடக் கேட்ட சங்கத்துக்காரர்களின் சேரி அது. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து போனார்கள். தூக்கி விடுகிறோம் என்று சொன்ன எந்த நிலப்பிரபுவையும் யாரும் எரித்ததில்லை. எங்கள் உயர்வை நாங்களே அளந்து, இவ்வளவு மரக்கால், இத்தனை படி என்று கேட்டபோதுதான் நெருப்பு வந்தது. கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற மிராசுதாரை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது.

இவ்வளவு எழுதிவிட்டு என் பங்கை மறைத்தால் அது யோக்கியமில்லை. ஒரு தொண்டு நிறுவனத்தில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். திட்ட அறிக்கை இங்கிலீஷில் எழுத வேண்டும். 'தலித் பெண்களின் அப்லிஃப்ட்மெண்ட்' என்று என் கையால் எத்தனை பக்கம் டைப் அடித்திருப்பேன் என்று கணக்கில்லை. அந்த வார்த்தை இருந்தால் பணம் வரும். 'நில மீட்பு' என்று ஒருதரம் எழுதினேன். மேலே இருந்தவர் பென்சிலால் அடித்து ஓரத்தில் 'வாழ்வாதார மேம்பாடு' என்று மாற்றினார். நானும் மறுபேச்சுப் பேசாமல் திருத்தி டைப் அடித்துக் கொடுத்தேன். சம்பளம் வாங்கினேன். லீவுக்கு ஊருக்குப் போகும்போது பசங்களைக் கூப்பிட்டு வைத்து, நாம படிச்சவங்க நம்ம சனத்தைத் தூக்கி விடணும்டா என்று பேசியிருக்கிறேன். அப்போது எங்க அம்மா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தது. அதன் கூலியில்தான் நான் எம்.ஏ. முடித்தேன். யார் யாரைத் தூக்கினார்கள்?

ஹாஸ்டலில் படித்தபோது ஒரு ஆண்டு விழாவுக்கு வந்த பெரிய மனிதர், உங்களைக் கைதூக்கி விடத்தான் அரசாங்கம் சோறு போடுகிறது என்று மைக்கில் பேசினார். அந்த வாரம் முழுக்கச் சோற்றில் புழு. கைதட்டினோம். பசிக்கிறவன் கைதட்டத்தான் செய்வான். அந்தச் சோறு எங்கள் பேரில் ஒதுக்கப்பட்ட பணம், அதற்குக் கணக்குக் கேட்கிற உரிமை எங்களுக்கு இருக்கிறது என்று சொல்ல அங்கே யாருமில்லை. ஸ்காலர்ஷிப், விடுதி, வீடு இதெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பது யார் என்று எனக்குத் தெரியும். வாங்க வேண்டியதை வாங்குவோம். எந்தப் பேரில் வாங்குகிறோம் என்பதுதான் பேச்சு.

போன மாதம் மறுபடி மனு எழுத உட்கார்ந்தோம். பழைய பழக்கத்தில் 'எங்கள் சமூகத்தின் முன்னேற்றம் கருதி' என்று தொடங்கிவிட்டேன். பக்கத்திலிருந்த பையன், லா காலேஜில் படிக்கிறவன், "அண்ணே, அது எதுக்கு? நம்ம நெலம், திருப்பிக் கேக்கறோம், அவ்வளவுதானே" என்றான். அடித்தேன். சர்வே நம்பர், விஸ்தீரணம், பட்டா யார் பேரில் எந்த வருஷம் எப்படி மாறியது, பழைய நிபந்தனைப்படி அந்த மாற்றம் எப்படிச் செல்லாது, எந்தத் தேதிக்குள் அளக்க வேண்டும் என்று ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தது. ஆயாவிடம் படித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டு, "அந்த லிப்டு எழுதலியே?" என்றது. எழுதலை ஆயா என்றேன். "சரி, குடு" என்று வாங்கி, மை ஒட்டிய விரலை இரண்டு தரம் அழுத்தி வைத்தது. திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கி வந்திருக்கிறோம்.